31,000 கிலோமீட்டர்தான் ஓடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் மக்கர் செய்தால்

அத்தானின் கார் 2008-இல் பதிவானது. இரண்டு இருக்கை, மடக்குகிற துணிக்கூரை, பெட்ரோல் எஞ்சின், கையால் போடும் கியர். இதுவரை ஓடியது 31,000 கிலோமீட்டர். அத்தான் சிங்கப்பூரில் இருக்கிறார். வண்டி நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் நெல் கொட்டகையில், உழவு இயந்திரத்தை ஒட்டி நிற்கிறது. பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை வந்து நாலு நாள் ஓட்டிவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மிச்ச நாளெல்லாம் வண்டி என் பொறுப்பு.

பார்ப்பவர்கள் எல்லோரும் மீட்டரைப் பார்த்துவிட்டு, "புது வண்டி மாதிரிதானே" என்பார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும். டெல்டாவில் ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் சீக்கிரம் கெடுகிறது. மழைக்கால ஈரம், எலி, கடல் பக்கம் என்றால் உப்புக் காற்று என எதுவும் கிலோமீட்டர் பார்த்து வருவதில்லை. அதனால் எங்கள் வண்டிக்கு எல்லாமே மாசக் கணக்குதான். பன்னிரண்டு வருஷமாக என்னைப் படுத்திய கோளாறுகளை, வெளியே தெரிகிற அறிகுறியை வைத்துக் கீழே எழுதுகிறேன்.

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி

முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாதாரண மீட்டர் போதும். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் அநேகமாகக் காலி. அடிக்கடி அந்த நிலையில் கிடந்தால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்துவிடும், பிறகு சார்ஜ் போட்டாலும் நிற்காது.

12.6 இருந்தும் 'டிக்' மட்டும்தான் வருகிறது என்றால் முனைகளைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவினால் பாதிப் பேருக்கு வேலை முடிந்தது. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் மறக்காமல் பாருங்கள். எங்கள் கொட்டகையில் பொட்டாஷ் மூட்டைகள் இருந்த காலத்தில் அந்தப் பட்டை இரண்டே வருஷத்தில் அரித்துப்போனது. பொட்டாஷ் என்பதும் ஒரு உப்புதான், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் இரும்பைத் தின்னும். இப்போது உரத்துக்கு வேறு இடம் பார்த்துவிட்டோம்.

பேட்டரி புதிது, முனையும் சுத்தம், ஆனாலும் மூன்று வாரத்தில் இறங்கிவிடுகிறது என்றால் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம். இந்த வகைக் கார்களில் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் பூட்டிய பிறகும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். பூட்டிவிட்டு அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, எல்லாம் தூங்கிய பிறகு, மீட்டரைத் தொடரில் (மின்சாரம் அதன் வழியாகவே போகும்படி) இணைத்து அளந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அந்த 50-ஏகூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி ஆகிறது. 60 ஆம்பியர்-மணி பேட்டரி 25 நாளில் பாதியாகிவிடும். அதற்கு மேல் காட்டினால் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது மீட்டர் இறங்குகிறதோ அந்த வரியில்தான் கள்ளன் இருக்கிறான். எங்களுக்கு டிக்கி விளக்கு. மூடியும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. செல்போனில் வீடியோ எடுக்க வைத்து, உள்ளே போட்டு மூடித்தான் கண்டுபிடித்தேன்.

அத்தான் வாட்ஸப்பில் சொல்வார்: "மாப்ள, வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் போட்டு விடு, பேட்டரி ஏறிடும்." மூன்று வருஷம் அப்படித்தான் செய்தேன். அது தப்பு. ஒரு வாரத்தில் போகிறது 8.4 ஆம்பியர்-மணி. ஐந்து நிமிஷத்தில், எஞ்சின் ஓடும்போது பேட்டரியை ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் 30 ஆம்பியர் கொடுத்தாலும் சேர்வது 2.5 தான். கணக்கு எப்படிப் போட்டாலும் இறங்குமுகம். போதாததற்கு, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளியே வருகிறது. சூடேறாத சைலன்சரில் அது அப்படியே தங்கித் துருப்பிடிக்க வைக்கும். கொஞ்சம் எஞ்சின் ஆயிலிலும் சேரும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தால் அடிப்பக்கம் மோர் மாதிரி வெளுத்துப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்ததும், கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. துடைத்துவிட்டு நாற்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். மறுபடி வராமல், எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட்டின் மட்டமும் குறையாமல் இருந்தால் அது வெறும் ஈரம்தான். கூலன்ட் குறைந்தால் மட்டும் பயப்படுங்கள்.

இப்போது கொட்டகையில் தானாக நிறுத்தி ஏற்றிக்கொள்ளும் சிறிய சார்ஜர் ஒன்று நிரந்தரமாக மாட்டியிருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தஞ்சாவூர் போய் வருகிறேன். கூலன்ட் முள் ஐந்தாறு நிமிஷத்திலேயே நடுவுக்கு வந்துவிடும், ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். அதனால் தெருவைச் சுற்றி வருவதெல்லாம் கணக்கில் வராது. போக முடியாத மாசங்களில் ஸ்டார்ட்டே போடுவதில்லை.

டிக்கியில் பேட்டரி, டிக்கிக்கு மின்பூட்டு என்று இருக்கிற கார்கள் உண்டு. பேட்டரி செத்தால் டிக்கி திறக்காது, திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது. அவசரத்துக்குத் திறக்கிற வழி கையேட்டில் இருக்கும். பேட்டரி உயிரோடு இருக்கும்போதே படித்து, ஒரு தடவை செய்தும் பார்த்துவிடுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துக் காதைக் கொடுங்கள். பின்பக்கம் இரண்டு விநாடி 'ஊம்' என்று பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் பியூஸ், ரிலே, அப்புறம் பம்ப். அந்த வரிசையில் போங்கள், நேரே பம்பில் கை வைக்காதீர்கள்.

சத்தம் கேட்டும் பிடிக்கவில்லை, அல்லது பிடித்து உதறுகிறது என்றால் பெட்ரோலைச் சந்தேகப்படலாம். இப்போது பெட்ரோல் பங்குகளில் போடுவது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்க்கில், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில், மாசக்கணக்கில் நின்றால் ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். அப்படிப் பிரிந்ததைப் புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிசெய்ய முடியாது, இறக்கத்தான் வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதற்கு முன்னால் டேங்க்கை நிரப்பிவிட்டால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடமிருக்காது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் பெட்ரோல் குழாய்களின் ரப்பர் இந்தக் கலவைக்காகச் செய்யப்படாமல் இருக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, வெடித்திருந்தாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது.

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, எஞ்சின் நொண்டுகிறது, பானெட்டுக்குள் உமி

டெல்டாக்காரர்களுக்கு இதைப் பற்றி விளக்கம் தேவையில்லை. வயலில் கதிர் நிற்கும்வரை எலிக்கு வயலே வீடு. அறுப்பு முடிந்ததும் களத்துக்கும் கொட்டகைக்கும் வந்துவிடும். குறுவை அறுப்பு முடிகிற புரட்டாசி ஐப்பசியிலும், சம்பா அறுப்பு முடிகிற தை மாசியிலும்தான் எனக்கு வயர் செலவு வரும். வேறு மாசங்களில் வந்ததாக ஞாபகமில்லை.

ஒரு மாசியில் விளக்கு எரிகிறதே என்று ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். நாலு கிளிப். மூடியைத் தூக்கியதும் சாக்கு நார், கிழிந்த ஸ்பாஞ்சு, ஒரு கைப்பிடி நெல். நெல் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி, நுனியில் கடித்து அரிசியை எடுத்துவிட்டு உமியை மட்டும் ஓரமாகக் குவித்திருந்தது. ஃபில்டர் காகிதத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை. பக்கத்திலேயே ஒரு இன்ஜெக்டர் வயர், செம்பு தெரிகிற அளவுக்குக் கரண்டியிருந்தது. எலிப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். அதற்கு வயரும் ஒன்றுதான், வாசக்காலும் ஒன்றுதான்.

இப்படிப் பார்த்தால் ஸ்டார்ட் போடாதீர்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்த பிறகு கூட்டை எடுங்கள். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், காய்ந்ததைத் துடைப்பத்தால் கூட்டித் தூசி கிளப்ப வேண்டாம். பிறகு டார்ச் அடித்து ஒவ்வொரு வயர் கிளையாகப் பின்தொடருங்கள். கடித்த இடத்தில் வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது இந்த ஊர் ஈரத்தில் ஆறு மாசம் தாங்கினால் அதிகம். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள். டவுனில் ஒரு பட்டறையில் மொத்த வயரிங் கிட்டும் மாற்ற வேண்டும் என்று எண்பதாயிரம் சொன்னார்கள். எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு பகல் உட்கார்ந்து ஏழு வயரை ஒட்டி முடித்தார்.

வராமல் தடுப்பதற்கு அந்துருண்டை, புகையிலை, மிளகாய்த்தூள் என்று எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. அந்துருண்டை வாடை அத்தானுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை, எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. பலன் கொடுத்தவை மூன்று. காற்று இழுக்கும் குழாயின் வாயில் ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை. அறுப்பு மாசங்களில் பானெட்டைத் தூக்கியே வைத்து மேலே ஒரு விளக்கு, இருட்டான மூடிய இடம் இல்லாவிட்டால் எலி கூடு கட்ட யோசிக்கிறது. மூன்றாவது, கிட்டி என்கிற எலிப்பொறி. வயலுக்கு எலி பிடிக்க வருகிற பெரியவரையே கொட்டகைச் சுவரோரமும் வைக்கச் சொன்னேன். "தம்பி, காருக்குள்ள வைக்காதீங்க, கார் வர்ற வழியில வைங்க" என்றார். எலி சுவரை ஒட்டித்தான் நடக்கும். முதல் ராத்திரியே நாலு விழுந்தது. விஷம் வைக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அது டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்ச் செத்தால் பதினைந்து நாளைக்கு வண்டிக்குள் உட்கார முடியாது.

கியர் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி நகரவில்லை, அல்லது ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது

2023-இல் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கக் கிளம்பிய காலையில்தான் ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொண்டது. நாங்களும் மழைக்காலம் முழுக்க அதை இழுத்தே வைத்திருந்தோம். நிறுத்துகிற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் வேண்டாம். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

நகர்கிற வண்டிக்கு இன்னொரு சோதனை. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி அடித்தால் அங்கே பிரேக் விடவில்லை. ஜாக்கி போட்டு, அடியில் ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, காலிப்பரின் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பாகம்) காற்று எடுக்கும் திருகை லேசாகத் திறக்கச் சொல்லுங்கள். திறந்ததும் சக்கரம் விடுபட்டால் கோளாறு மேலே: ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கும், அல்லது மாஸ்டர் சிலிண்டர். திறந்தும் விடுபடாவிட்டால் காலிப்பர் பிஸ்டனோ சறுக்கும் பின்னோ துருப்பிடித்திருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலேயே காலிப்பரை மாற்றிப் பில் போடுகிறவர்கள் நிறைய.

டிஸ்க்கில் தெரிகிற செம்மண் நிறத் துரு ஒன்றும் பெரிதில்லை, நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். பிரேக் ஆயில்தான் முக்கியம். அதுவும் ஈரம் இழுக்கும் சரக்கு. டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். காலை வைத்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது இதனாலும் இருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள், இரண்டாயிரம் கிலோமீட்டரே ஓடியிருந்தாலும்.

எஞ்சின் ஓடும்போது கியர் விழாமல், அணைத்தால் வெண்ணெய் மாதிரி விழுகிறதா? கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் துருவேறி ஒட்டியிருக்கலாம். கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் எஞ்சினை நன்றாகச் சூடேற்றி அணைத்துவிட்டு, முன்னால் யாரும் எதுவும் இல்லாத களத்தில், இரண்டாவது கியரில் கிளட்சை முழுசாக மிதித்தபடி ஸ்டார்ட் போட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தி அழுத்தி விடுங்கள். ஒரு உதறு உதறிப் பிரிந்துவிடும். பிரியாவிட்டால் இறக்கத்தான் வேண்டும்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றால் முள் ஏறுகிறது

இந்தச் சோதனையை ஆண்டவனே நமக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறான். கேட் போட்டால் எப்போது திறப்பார்கள் என்று தெரியாமல் நிற்கிற இடம் அது. நிற்கும்போது ஏறி, கிளம்பி ஓடினால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் பேன் வேலை செய்யவில்லை. ஏ.சி. போட்டுப் பாருங்கள், பெரும்பாலான கார்களில் உடனே பேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே, பிறகு பேன் மோட்டாருக்கு நேரே 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். வருஷக்கணக்காகச் சுற்றாத மோட்டார் தண்டு இறுகிப்போவது சகஜம்.

ஓடும்போதே ஏறுகிறது என்றால் பேனை விட்டுவிடுங்கள். கூலன்ட் மட்டம், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு இவைதான். நெல் காயப்போட்ட ரோட்டில் ஒரு சீசன் ஓட்டினாலே ரேடியேட்டர் இடுக்கெல்லாம் பதரும் தூசியும் ஏறிவிடும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய் வேகத்தில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பை வைத்து அடித்தால் தகடு மடங்கிவிடும்.

கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த ஊர்த் தண்ணீராக இருந்தாலும் உப்பு உப்புதான், அலுமினியத்தை அரிக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பது தெரிந்ததுதான், இருந்தாலும் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில் இன்னொரு தடவை சொல்லிவைக்கிறேன்.

மிதியடி ஈரம், உள்ளே பூஞ்சை வாடை

துணிக்கூரை கிழிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைப்போம். பெரும்பாலும் கூரை நன்றாகவே இருக்கும். கூரை மடங்குகிற இடத்தின் இரண்டு பக்கமும் மழைநீர் வடிய ஓட்டைகள் உண்டு, அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். எங்களுக்கு அடைத்தது வேப்பிலைச் சருகும் குளவிக்கூடும். வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்பார்கள், வண்டியில் கட்டினால் செலவுதான் பிறக்கும். புல்வெட்டி நைலான் நரம்பைப் பதமாக உள்ளே விட்டு ஆட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிச் சக்கரத்தின் பக்கம் சொட்டுகிறதா என்று பாருங்கள். கம்பியை விட்டால் குழாய் கழன்றுவிடும். இதை மேட்டூர் தண்ணீர் வருகிற நேரத்திலேயே செய்துவிடுவேன், ஐப்பசி மழைவரை காத்திருப்பதில்லை. பல கார்களில் மின்னணுப் பெட்டி இருக்கைக்கு அடியிலேயே இருக்கும், அது நனைந்தால் புதிய கூரையின் விலையைத் தாண்டிவிடும்.

ஏ.சி. வடிகுழாய் அடைத்தாலும் மிதியடி நனையும். ஏ.சி. என்றதும் இன்னொன்று: போகிற போதெல்லாம் பத்து நிமிஷமாவது போடுங்கள், மார்கழியாக இருந்தாலும். அப்போதுதான் உள்ளே இருக்கிற எண்ணெய் சுற்றி, கம்ப்ரசர் சீல் காயாமல் இருக்கும்.

கீழிருந்து கருகல் வாடை

அறுப்பு நாளில் வந்தால் உடனே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். அணைக்கிற இடத்தில் வைக்கோல் இருக்கக் கூடாது. தரையோடு தரையாகப் போகிற வண்டி, ரோட்டில் கிடக்கிற வைக்கோலை வாரிச் சைலன்சர் மேல் சுற்றிக்கொள்ளும். அதன் முன்பகுதி பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். நான் ஒரு தடவை குனிந்து பார்த்தபோது நுனி சிவந்து புகைந்துகொண்டிருந்தது. தீயணைப்பு சிலிண்டர் ஒரு கிலோவாவது இருக்கையோரம் இருக்கட்டும்.

60-இல் ஸ்டியரிங் உதறுகிறது

ஒரே இடத்தில் நின்ற டயர் அடியில் தட்டையாகிவிடும். பதினைந்து கிலோமீட்டரில் உதறல் குறைந்தால் சரி, குறையாவிட்டால் டயர் போய்விட்டது. பக்கவாட்டில் நாலு இலக்கம் பாருங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூ, அதாவது தரையில் படுகிற வரிகள், எவ்வளவு இருந்தாலும், ஆறு வருஷத்துக்கு மேல் வருஷாவருஷம் வெடிப்புப் பார்க்க வேண்டும், பத்துக்கு மேல் யோசனையே வேண்டாம். அத்தான் முழுப் பூவோடு இருந்த நாலு டயரைத் தூக்கிப் போட மனசில்லாமல் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

எந்த அறிகுறியும் இல்லை

பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓட வைக்கிற டைமிங் பெல்ட் இப்படித்தான். சத்தம் போடாது, விளக்கு எரியாது. உங்கள் வண்டிக்குச் சங்கிலியா பெல்ட்டா என்று கையேட்டில் பாருங்கள். பெல்ட் என்றால் அங்கேயே கிலோமீட்டரோடு வருஷக் கணக்கும் போட்டிருப்பார்கள், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், அதற்குப் பிறகு எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும், அதே பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கூலி ஒன்றுதான்.

எங்கள் வண்டிக்கு 24,000 கிலோமீட்டரில் மாற்றினோம். கழற்றிய பெல்ட்டை மெக்கானிக் அண்ணன் என் கையில் கொடுத்தார். புதிதாட்டம் கறுப்பாக, பளபளவென்று இருந்தது. எண்பதாயிரம் ஓடுகிற பெல்ட்டை வீணாக்கிவிட்டேனோ என்று எனக்கே தோன்றியது. அவர் அதை வாங்கி, பல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி மடித்துக் காட்டினார். ஒவ்வொரு பல்லின் அடியிலும் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல். மூடியைத் திருப்பி மாட்டுவதற்கு முன்னால் அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் தேதியை மட்டும் எழுதினார், கிலோமீட்டரை எழுதவில்லை.